ரேகா வீட்டு ஜன்னலில் கட்டிய குளவிக் கூடு

1

நம் தங்கச் சுரங்க ஊரின் சாம்பியன் ரீப்ஸிலிருந்தும், கோரமண்டலிலிருந்தும், ஊரை விட்டுப் பெங்களூருக்குக் குடிபோன வீடுகளிலிருந்தும் ஜனவரி மாதம் என் மகள் ரேகாவுக்கு வாழ்த்து அனுப்பினீர்களே, உங்கள் எல்லோருக்கும்தான் இதை எழுதுகிறேன். விசேஷம் ஒன்றும் இல்லை. குங்குமப்பூ வாங்கி வைத்திருப்பதாகச் சொன்னவர்கள் அதைப் பாயசத்தில் போட்டுக்கொள்ளுங்கள். பெயர்ப் பட்டியல் அனுப்பிய மகராசி யாரோ, அந்தப் பட்டியலைக் கிழித்துப் போட்டுவிடு தாயே.

உங்கள் மேல் தப்பில்லை. நல்ல சேதி என்று காதில் விழுந்தால் நம் ஊர்க்காரர்கள் வேறு என்ன செய்வார்கள்? தப்பு என் மேல். இன்னும் சரியாகச் சொன்னால் என் வாய் மேல். அறுபது வயசாகியும் அடங்காத வாய்.

ரேகாவுக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராது. ஒன்பது வயசில் இங்கே பெர்த்துக்குக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டோம். "எழுதறதா இருந்தா எழுதும்மா. ஆனா அனுப்பறதுக்கு முன்னாடி எனக்கு ஒரு எழுத்து விடாம வாசிச்சுக் காட்டணும். நான் எடுன்னு சொன்னா எடுத்துடணும்" என்று சொல்லித்தான் சம்மதித்தாள். அப்படியே செய்திருக்கிறேன். நீங்கள் இங்கே படிப்பது அவள் விட்டுவைத்தது.

2

பெர்த்தில் நான் இருப்பது இரண்டு அறை வீடு. வீட்டுக்காரர் போய் ஆறு வருஷம் ஆகிறது. நம் ஊர் கனரக எந்திரத் தொழிற்சாலையில் ஃபிட்டராக இருந்தவர். இங்கே சுரங்கங்களில் ஓடுகிற ராட்சத வண்டிகளைப் பழுது பார்க்க ஆள் தேவைப்பட்டது, வந்தோம். மாமனார் தரைக்குக் கீழே தங்கம் தோண்டினார், மகன் கடல் தாண்டி வந்து தங்கம் தோண்டுகிற வண்டிக்கு நட்டு முடுக்கினார். எங்களுக்கு அதில் எவ்வளவு தங்கம் சேர்ந்தது என்பது என் கழுத்தைப் பார்த்தால் தெரியும், விடுங்கள்.

ரேகாவும் அவள் கணவன் மார்க்கும் வேலைக்குப் போகிறவர்கள். அவர்கள் வீட்டுக்கு நான் இரண்டு பஸ் மாறிப் போகவேண்டும். செவ்வாயும் சனியும் போவேன். போவது மகளைப் பார்க்க என்று பெயர்தான், அவள் பெரும்பாலும் வீட்டில் இருக்கமாட்டாள். பின்பக்கத் தோட்டம்தான் எனக்குத் துணை. கத்தரி, அவரை, கறிவேப்பிலை, ஒரு எலுமிச்சை, மார்க் வைத்த ரோஜா. அவரைக் கொழுந்தில் அசுவினி அப்பிக்கொள்ளும். கறிவேப்பிலையை ஒரு பச்சைப் புழு ராத்திரியோடு ராத்திரியாக மொட்டையடித்துவிடும். பழ ஈ வந்து தக்காளியில் முட்டை வைத்துவிட்டுப் போகும், அறுத்தால் உள்ளே நெளியும். சோப்புத் தண்ணீர், வேப்பெண்ணெய், பழத்துக்கு வலைப் பை என்று எனக்கு அங்கே வேலைக்குக் குறைவில்லை.

கவுன்சில்காரர்கள் வீடு வீடாகப் போட்ட ஒரு காகிதத்தை ரேகா ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டி வைத்திருக்கிறாள். ஒரு பக்கம் நல்ல பூச்சி, இன்னொரு பக்கம் கெட்ட பூச்சி, படம் போட்டு. எனக்கு அதைப் பார்த்தாலே சிரிப்பு வரும். பூச்சியை எனக்குக் கற்றுத்தர வந்துவிட்டார்களாக்கும்!

போன வருஷம் ரோஜாச் செடி முழுக்கக் கறுப்பாக, முதுகில் ஆரஞ்சுப் புள்ளியோடு, முள்ளு முள்ளாக ஒரு புழு. பார்க்கவே உடம்பு கூசியது. ஒரு இலை விடாமல் விரலால் நசுக்கி, கையைக் கழுவிக்கொண்டு, ரேகா வந்ததும் பெருமையாகச் சொன்னேன். அவள் ஓடிப்போய்ப் பார்த்தாள். திரும்பி வந்து ஃபிரிட்ஜ் காகிதத்தில் நல்ல பக்கத்தில் விரலை வைத்தாள். அதேதான். பொறிவண்டின் குஞ்சு. வளர்ந்தால் சிவப்பாகப் பொட்டு வைத்துக்கொண்டு அழகாக இருக்குமே, அசுவினியைத் தின்று செடியைக் காப்பாற்றுமே, அது குழந்தையாக இருக்கும்போது அந்த லட்சணத்தில்தான் இருக்குமாம்.

"பார்க்க நல்லா இல்லைன்னா கெட்டதுன்னு முடிவு பண்ணிடறதாம்மா? ஒரு வார்த்தை என்னைக் கேட்டிருக்கலாம் இல்ல?" என்றாள். இங்கிலீஷில்தான் சொன்னாள். கோபம் வந்தால் அவளுக்குத் தமிழ் போய்விடும்.

நான் விட்டுக்கொடுக்கவில்லை. "எங்க லைன்ல ஊர்றது எதுவா இருந்தாலும் அடிச்சிட்டுத்தான் மறுவேலை" என்று பேசிச் சமாளித்தேன். உண்மையும் அதுதானே. சுரங்கக்காரர்களுக்கு வரிசையாகக் கட்டிப்போட்ட லைன் வீடுகளில் மூட்டைப்பூச்சி, கரப்பான், தேள், பூரான் எல்லாவற்றோடும் குடித்தனம் நடத்தியவர்கள் நாம். நல்லது கெட்டது பார்த்துக்கொண்டு நின்றால் குழந்தை காதில் பூரான் போயிருக்கும். நாம் கையெடுத்துக் கும்பிட்ட பூச்சி ஒன்றே ஒன்றுதான்.

3

அது குளவி.

நம் பிள்ளைகள் தலைமுறைக்குத் தெரியாமல் போயிருக்கலாம், அதனால் சொல்கிறேன். வீட்டுக்குள் மண்குளவி கூடு கட்டினால் அந்த வீட்டில் ஒருத்தி உண்டாவாள். பிள்ளை பிறக்கிறவரை அந்தக் கூட்டைத் தொடக்கூடாது. ஒட்டடைக் குச்சி அந்தப் பக்கமே போகக்கூடாது. கலைந்தால் அதுவும் கலையும் என்பார்கள்.

எனக்குக் கல்யாணமாகி ஐந்து வருஷம் வயிற்றில் எதுவும் தங்கவில்லை. சாம்பியன் ரீப்ஸில் தகரக் கூரை போட்ட தட்டி வீடு, பத்தடிக்குப் பத்தடி. பக்கத்து வீட்டில் யார் தும்மினாலும் நமக்குக் கேட்கும். அப்படியென்றால் நான் மாதாமாதம் தலைக்கு ஊற்றிக்கொள்வது லைனுக்கே தெரியும். குழாயடியில் குடத்தை வைத்துக்கொண்டு பேத்தமங்களா ஏரித் தண்ணீருக்காக நிற்கும்போது, "இன்னா, இந்த மாசமும் இல்லியா?" என்று நேராகவே கேட்பார்கள். அவர்கள் கெட்டவர்கள் இல்லை. கேட்பதுதான் பாசம் என்று இருந்தார்கள். எனக்கு அந்தக் குடத்தை எடுத்து அவர்கள் தலையில் போடலாம் போல இருக்கும். வீட்டுக்கு வந்து கதவைச் சாத்தி அழுவேன். அதுவும் சத்தமில்லாமல், பக்கத்து வீட்டுக்குக் கேட்குமே.

அந்தக் கோடையில் ஒரு குளவி உள்ளே வந்தது. காலண்டர் மாட்டிய ஆணிக்கு மேலே கொஞ்சம் மண்ணை அப்பிவிட்டுப் போனது. திரும்ப வந்தது. நாளெல்லாம் வந்தது. நம் ஊரில் ஈர மண் வேறு எங்கே கிடைக்கும், தங்கம் பிரித்த கழிவு மண்ணைக் கொட்டிக் குவித்த சைனைடு குன்று அடிவாரத்தில் தேங்கின தண்ணீரிலிருந்துதான் எடுத்து வந்தது போல. செம்மண்ணும் இல்லை, கருமண்ணும் இல்லை, சாம்பல் நிறத்தில் மாவு மாதிரி மண். லைனில் பெரிய பஞ்சாயத்தே நடந்தது. விஷ மண்ணில் கட்டின கூடு ஆகுமா ஆகாதா என்று. என் நாத்தனார் மல்லிகாவுக்கு அப்போது பதினாறு வயசு. ஒரே போடாகப் போட்டாள். "தங்கத்த அரைச்சி எடுத்த மண்ணுடீ அது. எங்க அண்ணிக்குத் தங்கமா ஒண்ணு பொறக்கும். போங்க, போயி வேலயப் பாருங்க."

வீட்டுக்காரர் அந்த வருஷம் பொங்கலுக்கு வெள்ளையடிக்கும்போது கூட்டைச் சுற்றி ஒரு சாண் விட்டுவிட்டு அடித்தார். சுவரெல்லாம் வெள்ளை, நடுவில் அழுக்காக ஒரு வட்டம். அடுத்த கோடையில் ரேகா பிறந்தாள்.

இந்தக் கதையை ரேகாவுக்கு நான் எத்தனை தடவை சொல்லியிருப்பேன் என்று கணக்கே இல்லை. சின்ன வயசில் அவளே கேட்பாள். பெரியவளானபின் கண்ணை உருட்டுவாள். மார்க்கைக் கல்யாணம் செய்தபின், நான் ஆரம்பித்தாலே அறையை விட்டுப் போய்விடுவாள். அதற்குக் காரணம் இருந்தது. அவளுக்கு இரண்டு தடவை கலைந்தது. ஊசி போட்டு, ஆஸ்பத்திரியில் கரு வைத்து, தங்காமல் போனது. முதல் தடவை உடனே சொன்னாள். நான் என்னென்னவோ பேசினேன். விழுந்தியா, சுமை தூக்கினியா, பப்பாளி தின்னியா என்றெல்லாம் கேட்டேன். இரண்டாம் தடவை ஒரு மாதம் கழித்து, பாத்திரம் கழுவிக்கொண்டே, வேறு எதையோ சொல்வது போலச் சொன்னாள். குழாயடியில் என்னைக் கேட்ட பொம்பளைகளில் ஒருத்தியாக நானும் ஆகிவிட்டேன் என்பது அன்றைக்காவது எனக்கு உறைத்திருக்கவேண்டும்.

4

ஜனவரியில் வீட்டுக்காரர் தெவசத்துக்கு நான் ஊருக்கு வந்திருந்தேன். உங்களில் பலபேர் வந்து பார்த்தீர்கள். மல்லிகா வீட்டில்தான் தங்கினேன். பழைய லைன் வீட்டையே இடித்துக் கட்டி, பின்பக்கம் கொஞ்சம் இடம் வளைத்துத் தோட்டம் போட்டிருக்கிறாள். தண்ணீர் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. பாத்திரம் கழுவின தண்ணீரிலேயே கத்தரியும் அவரையும் தழையத் தழைய நிற்கின்றன. நான் பெர்த்தில் குழாய்த் தண்ணீர் பாய்ச்சி வளர்த்தது அதில் பாதி கூட வராது.

காலையில் பனி ஈரம் காய்வதற்குள் அவரைக் கொழுந்தில் சாம்பல் தூவினோம். "கையால ஒதறுங்க அண்ணி, முறத்தால கொட்டாதீங்க. இலைக்கு அடியிலயும் படணும். பூச்சி அங்கதான் குந்திகினு கீது" என்று எனக்குப் பாடம் நடத்தினாள். செம்பருத்தியில் மாவுப்பூச்சி. அதற்குப் புகையிலை ஊறவைத்த தண்ணீர். முருங்கையில் கம்பளிப்பூச்சி கொத்தாக இறங்கியிருந்தது. துணியைக் கழியில் சுற்றித் தீ வைத்துக் கருக்கினாள். பூசணிப் பூவில் தேனீ உட்கார்ந்தால் மட்டும் அது எழுந்து போகிறவரை நின்று காத்திருப்பாள். எனக்கு அந்த நாலு நாளும் மனசு லேசாக இருந்தது. வெளிநாட்டில் இருந்து வந்தவளாக என்னை நடத்தாத ஒரே ஆள் அவள்தான்.

அப்போதுதான் ரேகாவிடமிருந்து போட்டோ வந்தது. காலை பத்து மணி இருக்கும். அவளுடைய படுக்கையறை ஜன்னல், வெளிப்பக்கம், மேல் மூலையில் மண்ணால் ஒரு கூடு. பாதி ஈரம், பாதி காய்ந்தது. கீழே இங்கிலீஷில் ஒரு வரி: "அம்மா, இது என்ன பூச்சி? மார்க் தண்ணீர் பீய்ச்சிக் கழுவிவிடலாம் என்கிறான். நல்லதா, கெட்டதா?"

உடனே "தொடாதே, நல்லது" என்று மட்டும் பதில் போட்டேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தினேனா? இல்லையே! போனைத் தூக்கிக்கொண்டு, சாம்பல் கையோடு, "மல்லிகா, இங்க வா, இத்தப் பாரு" என்று கத்தினேன்.

அவள் போட்டோவைப் பார்த்தாள். வாயில் கையை வைத்தாள். "ஐயோ அண்ணி! கட்டிடுச்சி அண்ணி! எங்க அண்ணன் தெவசத்துக்கு வந்து கட்டிக்கீது பாருங்க!" என்று அழுதேவிட்டாள். நானும் அழுதேன். இரண்டு பேரும் கத்தரிச் செடிக்கு நடுவில் கட்டிக்கொண்டு அழுதோம். எனக்கும் அவருக்கும் கட்டின அதே கூடு கடல் தாண்டிப் போய் எங்கள் மகளுக்கும் கட்டியிருக்கிறது என்றே நினைத்தேன்.

பிறகு அவள் அந்தப் போட்டோவைக் கேட்டாள். கொடுத்தேன். அவள் அதைச் சொந்தக்காரர்கள் குழுவில் போட்டாள். "ரேகா வூட்ல குளவி கூடு கட்டிக்கீது." அவ்வளவுதான் எழுதினாள். நம் ஆட்களுக்கு அதற்கு மேல் எழுதவேண்டுமா? பத்து நிமிஷத்தில் அது சாம்பியன் ரீப்ஸ் பழைய ஆட்கள் குழுவுக்குப் போயிற்று. மத்தியானத்துக்குள் "கட்டியிருக்கிறது" என்பது "உண்டாகியிருக்கிறாள்" ஆகிவிட்டது. ரேகாவின் நம்பரையும் யாரோ போட்டுவிட்டார்கள். தடுத்திருக்கலாம். நான் தடுக்கவில்லை. ஐந்து வருஷம் குழாயடியில் தலைகுனிந்து நின்றவள் நான். வாழ்த்து வர வர எனக்கு இனித்தது. அதை இங்கே ஒளிக்கப்போவதில்லை.

மூன்று நாள் ரேகா எதற்கும் பதில் போடவில்லை. வேலையாக இருப்பாள் என்று நினைத்தேன். நாலாம் நாள் நாஷ்டா சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது கூப்பிட்டாள்.

"யார் சொன்னது அவங்களுக்கு?"

எனக்குப் புரியவில்லை. "எது கண்ணு?"

"நூத்துப்பத்து மெசேஜ் வந்திருக்கும்மா எனக்கு. கன்கிராஜுலேஷன்ஸ். நான் யாருன்னே தெரியாதவங்க. நேத்துதான் ஆஸ்பத்திரியிலிருந்து வந்தேன். ஒன்பது வாரம். உங்கிட்டகூட சொல்லலை. அப்பா தெவசத்தன்னிக்குச் சொல்லலாம்னு இருந்தேன். அங்க பெட்ல படுத்திருக்கேன், போன் டிங் டிங்னு அடிச்சுக்கிட்டே இருக்கு. ஒவ்வொண்ணும் கன்கிராஜுலேஷன்ஸ்."

அவள் அழவில்லை. அழுதிருந்தால் எனக்குப் பரவாயில்லையாக இருந்திருக்கும். போனை வைத்துவிட்டாள். தட்டில் இட்லி அப்படியே இருந்தது. "இன்னாச்சி அண்ணி, குழந்த நல்லா கீதா?" என்று மல்லிகா சமையலறையிலிருந்து கேட்டாள்.

5

பெர்த்துக்குக் கிளம்புகிற அன்று மல்லிகா ஒரு காகிதப் பொட்டலத்தைக் கையில் திணித்தாள். எங்கள் பழைய வீட்டை இடித்தபோது அந்தக் காலண்டர் ஆணிக் கூட்டைச் சுரண்டி எடுத்து இத்தனை வருஷமாகச் சாமி மாடத்தில் வைத்திருந்திருக்கிறாள். எனக்கே தெரியாது. "நான்தான் அண்ணி எல்லாத்தையும் கெடுத்துட்டேன். இத்தக் குழந்தகிட்ட குடுங்க. தலகாணி அடியில வச்சிக்கட்டும்" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவளை நான் திட்டவில்லை. கொடுத்தவள் நான், போட்டவள் அவள். இதில் யார் யாரைத் திட்டுவது?

பெர்த் விமான நிலையத்தில் ஒரு அட்டை தருவார்கள். விதை இருக்கிறதா, மரச்சாமான் இருக்கிறதா, மண் இருக்கிறதா என்று கேட்டிருக்கும். பொய் சொன்னால் அபராதம். மண் என்ற இடத்தில் ஆமாம் என்று கோடு போட்டேன். அதிகாரி ஒரு சின்னப் பெண், ரேகாவை விட நாலைந்து வயசு இளையவளாக இருப்பாள். கையுறை போட்டுக்கொண்டு பொட்டலத்தைப் பிரித்தாள். சாம்பல் நிறத்தில் ஒரு கைப்பிடி.

"இது என்ன மண்?"

என் இங்கிலீஷ் கடைகண்ணிக்குப் போதும், இதற்குப் போதாது. பூச்சி கட்டிய வீடு என்றேன். பூச்சி என்றதும் அவள் கையைப் பின்னால் இழுத்துக்கொண்டாள். முப்பது வருஷத்துக்கு மேலாயிற்று, உள்ளே எதுவும் இல்லை, இது என் மகளுக்கு, என் மகளுக்குக் குழந்தை, என்று ஆரம்பித்தேன். "மகளுக்குக் குழந்தை பிறந்திருக்கிறதா? வாழ்த்துகள்" என்று சிரித்தாள் அந்தப் பெண். பொட்டலத்தை மஞ்சள் பையில் போட்டுக் கட்டி, நான் கொடுத்துவிட்டதாக ஒரு காகிதத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டாள். அவள் கடமை அது. கையெழுத்துப் போடும்போது கண்ணை மறைத்தது, கோடு தாண்டிப் போய்விட்டது.

6

ரேகா என்னைப் பார்க்க வரவில்லை. சாப்பிட்டியா என்று போட்டால் "ம்" என்று வரும். வரட்டுமா என்று கேட்டால் "இப்ப வேண்டாம்" என்று வரும். இரண்டு செவ்வாயும் இரண்டு சனியும் இப்படிப் போயின. எனக்கு இந்த ஊரில் அவளை விட்டால் யார்? பஸ் டிரைவரிடம் குட்மார்னிங் சொல்வதைத் தவிர நாளெல்லாம் வாயே திறக்காத நாட்களும் உண்டு. திறந்து நான் சாதித்ததைத்தான் மேலே படித்தீர்களே.

படுத்தால் அந்தக் கூடுதான் கண்ணில் நிற்கும். காலையில் எழுந்ததும் அவள் கண் அந்த ஜன்னலில்தானே படும்? அதைப் பார்க்கிற ஒவ்வொரு தடவையும் அந்த நூற்றுப்பத்து வாழ்த்தும் ஞாபகம் வருமே? அந்த முள்ளை நானே எடுத்துவிட்டால் என்ன? நான் வைத்தது, நானே எடுக்கிறேன். இப்படித்தான் யோசித்தேன். யோசித்ததில் எனக்குப் பெரிய நிம்மதிகூட வந்தது, கேளுங்கள்.

பிப்ரவரியில் ஒரு புதன்கிழமை, அவர்கள் இரண்டு பேரும் வேலைக்குப் போயிருக்கிற நேரம் பார்த்து, இரண்டு பஸ் மாறிப் போனேன். பக்கவாட்டுக் கதவு திறந்துதான் இருக்கும். தோட்டத்தில் அவரை காய்ந்து போயிருந்தது. நாற்காலியைப் போட்டு ஏறினேன். கூடு நன்றாக இறுகியிருந்தது. ஆறு அறை, ஒன்றை ஒட்டி ஒன்று. தாய்க்குளவி கட்டி மூடிவிட்டுப் போய்விட்டது. கையோடு கொண்டுபோன தோசைத் திருப்பியைச் சுவருக்கும் மண்ணுக்கும் நடுவில் விட்டு நெம்பினேன்.

பொலபொலவென்று விழுந்தது. உடைந்த அறைகளுக்குள் சின்னச் சின்னச் சிலந்திகள் அடுக்கி வைத்தாற்போல் இருந்தன. செத்தவை என்று நினைத்தேன். ஒன்றின் கால் அசைந்தது. கொட்டி மயக்கி, உயிரோடு வைத்துவிட்டுப் போயிருக்கிறது, பிள்ளை எழுந்தால் தின்பதற்கு. அதன் பக்கத்தில் அந்தப் பிள்ளை. வெளுப்பாக, கண் இல்லாமல், ஒரு சோற்றுப் பருக்கை பருமனில். வெயில் பட்டதும் சுருண்டது.

முப்பத்து மூன்று வருஷமாக நான் கும்பிட்ட கூட்டுக்குள் இருந்தது இதுதானா என்று அப்படியே நின்றேன். நல்லது என்று நினைத்ததற்குள் இத்தனை குரூரம். அருவருப்பாக இருந்ததற்குள் ஒரு குழந்தை.

"ஏம்மா உடைச்சே?"

பின்னால் ரேகா. வீட்டு உடையில், தலை வாராமல். அவள் வேலைக்கே போகவில்லை, மூன்று வாரமாக விடுப்பில் இருக்கிறாள் என்பது எனக்குத் தெரியாது. ஜன்னலுக்கு அந்தப் பக்கம்தான் படுத்திருந்திருக்கிறாள்.

"உனக்குக் கஷ்டமா இருக்குமேன்னுதான் கண்ணு..."

"என்னை ஒரு வார்த்தை கேட்டியா?"

நாற்காலியிலிருந்து இறங்கத் தெரியாமல் நின்றேன். அவள் கோபத்தில் பேசவில்லை. தமிழில்தான் பேசினாள்.

"அது என்ன பூச்சின்னு எனக்குத் தெரியாதாம்மா? சின்ன வயசிலேருந்து நீ சொன்ன கதைதானே. தெரிஞ்சுதான் உனக்கு போட்டோ அனுப்பினேன். என் வயித்துல இருந்துச்சு அன்னிக்கு. நேரா சொல்ல பயமா இருந்துச்சு. சொன்னா போயிடுமோன்னு. நீ பார்த்தா நீயே புரிஞ்சிப்பே, நீயும் நானும் மட்டும் வச்சுக்கலாம்னு நினைச்சேன்."

பிறகு கீழே குந்தி, மண்ணைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "போனதுக்கப்புறமும் நான் உடைக்கலை. மார்க்கையும் தொட விடலை. இன்னும் ஒரு கரு ஆஸ்பத்திரியில இருக்கும்மா. கடைசி. அடுத்த மாசம் வைக்கலாம்னு இருந்தோம். தினம் காலைல எழுந்ததும் இதைத்தான் பார்ப்பேன். எனக்கு நம்பிக்கையெல்லாம் இல்லை. ஆனா பார்ப்பேன்."

7

அன்றைக்கு ரேகாவைக் கட்டிக்கொண்டு அழுதேன் என்று எழுதினால் உங்களுக்கு ஆறுதலாக இருக்கும். அப்படி எதுவும் நடக்கவில்லை. நான் மன்னிச்சிடு என்றேன். அவள் "ம்" என்றாள். ரோஜாவில் பொறிவண்டுக் குஞ்சை நசுக்கிய அதே கை, அதே அவசரம், அதே நல்ல எண்ணம். நான் இதுவரை செய்த கெடுதல் எல்லாமே நல்ல எண்ணத்தில் செய்ததுதான்.

ஆறு அறைகளில் ஐந்து நொறுங்கிவிட்டது. ஓரத்தில் இருந்த ஒன்று மட்டும் மூடியோடு முழுசாக விழுந்திருந்தது. ரேகா அதை இரண்டு விரலால் எடுத்து, ஊறுகாய் பாட்டிலைக் கழுவித் துடைத்து, அடியில் பஞ்சு வைத்து, அதன் மேல் வைத்தாள். வாயை வலைத் துணியால் கட்டினாள். நான் பழத்துக்குப் பை தைக்க வைத்திருந்த துணி அது. கட்ட ஒரு கை போதவில்லை அவளுக்கு. நூலை நான் பிடித்துக்கொண்டேன். பாட்டிலைப் படுக்கையறை ஜன்னலில், உள்பக்கம், வெயில் நேராகப் படாத இடத்தில் வைத்திருக்கிறாள்.

"உள்ள உயிர் இருக்குமாம்மா?" என்று கேட்டாள். இருக்கும் என்று சொல்ல வாய் வந்தது. அடக்கிக்கொண்டேன்.

இதையெல்லாம் போன சனிக்கிழமை அவளுக்கு வாசித்துக் காட்டினேன். கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். இரண்டு இடத்தை எடுக்கச் சொன்னாள், எடுத்துவிட்டேன். முடிவில், "இதுக்கு மேல நடக்கிறது எதையும் நீ யாருக்கும் சொல்லக்கூடாது. மல்லிகா அத்தைக்கும்தான். நல்லதா இருந்தாலும் சரி, கெட்டதா இருந்தாலும் சரி" என்றாள். சத்தியம் செய்து கொடுத்திருக்கிறேன்.

நேற்று மல்லிகா கூப்பிட்டாள். "ரேகா எப்பிடி கீது அண்ணி?" என்றாள்.

"இருக்கா" என்றேன்.

"அவ்ளோதானா?"

"அவரையில அசுவினி போயிடுச்சா?" என்று கேட்டேன். அவளுக்குப் புரிந்துவிட்டது. அசுவினி போய்விட்டது, இப்போது காயில் புழு வந்திருக்கிறது என்று சொல்ல ஆரம்பித்தாள்.

உங்களுக்கும் அதேதான். அந்தப் பாட்டிலிலிருந்து ஒன்று வெளியே வந்தாலும், வராவிட்டாலும், இனி நான் சொல்லமாட்டேன். நீங்களும் என்னைக் கேட்காதீர்கள். முக்கியமாக, அவளைக் கேட்காதீர்கள்.